கூரைக்கு மானியமா, ஊருக்கே பொது சோலாரா?

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசுப் பணத்தில் சூரிய மின்சாரம் என்றதும் கூரையில் சோலார் பேனல் வைக்கத் தரும் மானியம்தான் நினைவுக்கு வரும். சரி, ஆனால் சொந்தக் கூரை வேண்டும், அது பேனலின் எடையைத் தாங்கவும் வேண்டும். வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார்? வேலை முடிந்த பிறகுதான் மானியம் என்றால் முன்பணத்துக்கு வட்டிக்கு அலைய வேண்டும். வரிச்சலுகை இன்னும் மோசம், வரியே கட்டாதவருக்கு எதில் கழிப்பது?

பொது சோலாரில் பேனல்கள் ஓரிடத்தில் இருக்கும், உற்பத்தியில் அவரவர் பங்கை மின்கட்டணத்தில் கழித்துவிடுவார்கள். பேனல் 25 வருடம் ஓடினாலும் இன்வெர்ட்டரை (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டில் பயன்படும் மின்சாரமாக மாற்றும் கருவி) நடுவில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவு ஒரே குடும்பத்தின் தலையில் விழாது என்பதால் என் ஓட்டு இதற்குத்தான். மின்வெட்டு நேரத்தில் மட்டும், பேட்டரியோடு இருந்தால், கூரைதான் கைகொடுக்கும்.