ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில்: பழைய கான்சர்டினாவோடு என் அனுபவம்

பாறசாலையில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, இங்கிலாந்தில மச்சான் ஒரு பழைய கான்சர்டினா பார்த்து வச்சிருக்கான். விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கு. வாங்கலாமா?" கான்சர்டினா என்பது இரண்டு கையாலும் பிடித்து, நடுவில் இருக்கும் துருத்தியை இழுத்துத் தள்ளிக்கொண்டே பட்டன் அழுத்தி வாசிக்கும் சின்ன வாத்தியம். என்னிடம் இருக்கும் கான்சர்டினா ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சொல்ல நிறைய இருந்தது, கோபமும் ஆறவில்லை. போனில் சொன்னால் கோபம் மட்டும்தான் போய்ச் சேரும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது லாஷனல் கம்பெனி செய்த இங்கிலீஷ் வகை. ஆறு மூலை, 48 பட்டன், ஸ்டீல் ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய நாக்கு). எங்கள் பாட்டாவின் தம்பி இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பில் ஆபீசராக இருந்தவர். அவர் கையில் இருந்தது, பிறகு பரணில் கிடந்தது, அப்புறம் எனக்கு வந்தது. சேனை 1882இல் பம்பாயில் வந்திறங்கி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நாகர்கோவில் பக்கம் வேரூன்றிவிட்டது. சேனையின் காதரின் பூத் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை. தெருமுனைக் கூட்டத்துக்கு ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது; கான்சர்டினாவை நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்கலாம். சேனைக்கு அது பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம் அதுதான்.

இதில் இங்கிலீஷ், ஆங்லோ, டூயட் என்று மூன்று வகை உண்டு. ஆங்லோவில் ஒரே பட்டனை அழுத்தித் துருத்தியை இழுத்தால் ஒரு ஸ்வரம், தள்ளினால் வேறு ஸ்வரம். இங்கிலீஷிலும் டூயட்டிலும் இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே ஸ்வரம். நம் பாட்டுக்கு இங்கிலீஷ்தான் சுலபம் என்பேன். ஹார்மோனியம் பழகிய காது உடனே ஒத்துக்கொள்ளும்.

இப்போது என்னை இத்தனை வருடமாக வாட்டும் விஷயத்துக்கு வருகிறேன்: சுருதி.

இன்று உலகம் முழுக்க மேற்கத்திய ஏ ஸ்வரத்தை நொடிக்கு 440 அதிர்வு என்று வைக்கிறார்கள். 1939இல் லண்டனில் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட கணக்கு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் 452 வாக்கில் வைப்பதுதான் வழக்கம். அங்கே கச்சேரி மேடைகள் 1896இல் கீழே இறங்கிவிட்டன. ஆனால் பித்தளை பேண்டுகள் 1960கள் வரை அந்த உயர்ந்த சுருதியை விடவில்லை, சேனையின் பேண்டுகளும் அப்படியே. அவற்றோடு சேர்ந்து ஒலிக்க வேண்டிய கான்சர்டினாவும் அந்தச் சுருதியில்தான் பிறந்தது. அதாவது இது கெட்டுப்போன சுருதி அல்ல, வேண்டுமென்றே வைத்த சுருதி. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்காகச் சொன்னால், சுருதியின் உயரத்தைக் கட்டையில் சொல்லும் நம் வழக்கத்தில் ஒரு கட்டை, அதாவது நடு சி, 261.6. ஒன்றரைக் கட்டை 277. என் கான்சர்டினாவின் சி ஏறத்தாழ 269இல் நிற்கிறது. இரண்டில் ஒன்றை ஒட்டி நின்றிருந்தால் அரைக் கட்டை கூட்டியோ குறைத்தோ வாசித்துச் சமாளிக்கலாம். சரியாக நடுவில் நின்றால் எந்தப் பக்கமும் போக முடியாது. ஹார்மோனியத்தோடு வாசித்தால் இரண்டும் அடித்துக்கொள்கிற சத்தம் காதைக் குடைகிறது.

சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் கேட்டேன். கீபோர்டில் சுருதியை நுணுக்கமாக ஏற்றும் வசதி இருக்கிறது, மெனுவில் போய் மாற்ற ஒரு நிமிஷம் போதும். முடியாது என்றார். அவர் பக்கம் நியாயம் இருப்பதை ஒத்துக்கொள்கிறேன்: பாடகர் குழு மைனஸ் டிராக் (குரல் இல்லாத இசைப் பதிவு) வைத்துப் பாடுகிறது, டிராக் எல்லாம் 440இல் இருக்கிறது, பேஸ் கிட்டார்காரரும் அதற்குத்தான் வைத்திருக்கிறார். ஒரு கான்சர்டினாவுக்காக எல்லோரும் நகர வேண்டுமா? நியாயம்தான். ஆனாலும் கிறிஸ்துமஸ் பவனியில், டிராக்கும் பேஸும் இல்லாமல் வெறும் கீர்த்தனை பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும்போதுகூட மாற்ற மாட்டேன் என்றால் எனக்கு வருத்தம் வராதா? இந்த வாத்தியம் இந்த ஊர் வீதிகளில் பாட்டுக்கு முன்னே போனது. இப்போது பவனி போகும்போது இது வீட்டில் இருக்கிறது.

அடுத்தது ரிப்பேர். இரண்டு மூன்று ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டதால் ஹார்மோனியம் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். ரீடைச் சுத்தம் செய்வதில் அவர் கை நல்ல கை. தூசியை எடுத்த விதத்தைக் குறை சொல்ல மாட்டேன். சுருதியைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். திரும்ப வாங்கும்போது, "ஒரு ரீடை மட்டும் இறக்கிக் காட்டியிருக்கேன் சார், பிடிச்சா எல்லாத்தையும் 440க்குக் கொண்டுவந்திடலாம்" என்றார். நான் சொன்னதற்கு நேர் எதிர்.

ரீடின் சுருதியை இறக்க வேண்டுமானால் அதன் அடிப்பக்கத்தில், தகட்டோடு சேரும் இடத்துக்கு அருகே, உலோகத்தைச் சுரண்ட வேண்டும். ஏற்ற வேண்டுமானால் நுனியில். சுரண்டிய உலோகம் திரும்ப வராது. கொச்சியில் அக்கார்டியன் பார்ப்பவர் ஒருவர் அவர் இறக்கிய அந்த ரீடை நுனியில் தேய்த்துப் பழைய இடத்துக்கு ஏற்றிக் கொடுத்தார். சுருதி சரியாகிவிட்டது, ஆனால் இரண்டு பக்கமும் தேய்ந்த ரீடு மெலிந்துபோய், பக்கத்து ஸ்வரங்களின் தடித்த குரலுக்கு நடுவே அது மட்டும் ஒல்லியாகக் கேட்கிறது. 48 பட்டனுக்கு 96 ரீடு, இழுப்புக்கு ஒன்று தள்ளுதலுக்கு ஒன்று. அத்தனையையும் இப்படிச் சுரண்டக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில் பெரிய கைகள் இதை முறையாகச் செய்து 440இல் விற்கிறார்கள், அதில் தப்பு இல்லை. தெரிந்தவர் செய்வது வேறு, 'காட்டுகிறேன்' என்று ஒருவர் சுரண்டுவது வேறு.

இத்தனைக்கும் பிறகு சந்தோஷம் எங்கே என்று கேட்டால், எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியில். அதில் நுணுக்கமாகத் திருகும் குமிழ் ஒன்று இருக்கிறதே, அதை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய் கான்சர்டினாவின் ஸாவோடு சேர்த்தேன். அடித்துக்கொள்ளும் சத்தம் மெதுவாகி, மெதுவாகி, நின்றது. அந்த நிமிஷம் இந்த வாத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது. செல்போன் தம்புரா செயலிகளிலும் இப்படி ஏற்றலாம். வயலின் வாசிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் பிரடையைத் திருகி ஒரு நிமிஷத்தில் என்னோடு வந்து சேர்ந்துகொள்கிறாள். கான்சர்டினாவும் வயலினும் சேர்ந்து ஒரு பழைய கீர்த்தனை வாசித்தால் கூடம் நிறைகிறது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள பெட்டியிலிருந்து இவ்வளவு குரல் வருமா என்று கேட்டவர்கள் உண்டு.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு: இங்கிலீஷ் வகையில் ஸ்வரங்கள் இரண்டு கைக்கும் மாறி மாறி வரும். சி-யை ஸா என்று வைத்தால் ஸ இடது, ரி வலது, க இடது, ம வலது, ப இடது, த வலது, நி இடது, மேல் ஸ வலது. அடுத்த ஸ்தாயியில் கைகள் அப்படியே மாறும். சங்கராபரணத்தில் சரளி வரிசை வாசித்தால் நடப்பது போல இரண்டு கையும் மாறி மாறிப் போகும். வழக்கமாக மாயாமாளவகௌளையில்தான் தொடங்குவோம். இங்கே அப்படித் தொடங்க வேண்டாம். அதில் சுத்த ரிஷபம் ஸாவுக்குப் பக்கத்திலேயே இடது கையில் இருக்கிறது, ஸ ரி க மூன்றும் ஒரே கையில் வந்து விரல் சிக்கும். முதலில் சங்கராபரணம், விரல் பழகிய பிறகு மற்றது. ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வராது, அதை எதிர்பார்க்க வேண்டாம். கமகம் அதிகம் கேட்காத கீர்த்தனைகளும் பாமாலைகளும் அருமையாக வரும்.

துருத்தியை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் திருப்பக் கூடாது. பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடத்தில் திருப்புங்கள். ஒரு முனையைத் தொடையில் ஊன்றி மறுமுனையை மட்டும் விசிறி மாதிரி திறந்தால் தோள் வலிக்காது. துருத்தி தொடையில் உரசாமல் ஒரு பருத்தித் துணியை விரித்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, பட்டன் எதையும் அழுத்தாமல் துருத்தியை இழுக்கவோ அமுக்கவோ கூடாது. பழைய தோல் மூலைகள் கிழிவது அப்படித்தான்.

பராமரிப்பில் நம் ஊருக்கு என்று தனிக் கஷ்டம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு: ஜூனில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. ரீடுகள் சின்னப் பித்தளைச் சட்டங்களில் இருக்கும். அந்தச் சட்டங்கள் மரப்பலகையில் வெட்டிய பள்ளங்களில் செருகியிருக்கும். பசையோ ஆணியோ கிடையாது. மழையில் மரம் ஊதினால் சட்டத்தை நெருக்கும், ரீடு உரசி அடைத்துக்கொள்ளும். மாசி பங்குனியில் மரம் சுருங்கினால் சட்டம் தளர்ந்து இரையும். எனவே மழைக்காலத்தில் ஒரு ஸ்வரம் வாயை மூடினால் ஓடிப்போய் ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். காற்றோட்டமான அறையில் சில நாள் வைத்து தினமும் கொஞ்சம் வாசியுங்கள், பாதி தானாகத் திறக்கும். அப்படியும் திறக்காவிட்டால் தூசியாக இருக்கும்; மெல்லிய தாளை ரீடுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓட்டினால் போதும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் ஸ்டீலைத் துருப்பிடிக்க வைக்கும்.

மூடியைத் திறக்கும்போது ஒவ்வொரு திருகாணியும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் குத்தி எழுதி வையுங்கள், அதே துளைக்குத்தான் திரும்பப் போக வேண்டும். இறுக்கித் திருகாதீர்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தோலைப் பார்த்ததும் தேங்காயெண்ணெய் தடவச் சொல்வார்கள். செருப்புக்குச் சரி. துருத்திக்குத் தடவினால் ஒட்டு விடும், பூஞ்சணமும் பிடிக்கும். துருத்தி மடிப்பின் தாளையும் பசையையும் ராமபாணப் பூச்சி தின்னும், பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பளித் திண்டுகளை வேறு பூச்சிகள் அரிக்கும். இருட்டில் பூட்டி வைப்பதுதான் இவற்றுக்கு விருந்து. பழைய ஆறு மூலைப் பெட்டிகளில் வாத்தியம் ஒரு முனையில் நிற்கும். அப்படியே வருடக்கணக்கில் நின்றால் உள்ளே இருக்கும் தோல் வால்வுகள் தொங்கிப்போகும். வாசிக்கும்போது இருப்பது போலப் படுக்கவைத்தால் நல்லது.

சரி, நண்பருக்குப் பதில். இன்றைய மனநிலையில், வேண்டாம் என்பேன். நீங்கள் கொயரில் வாசிக்க ஆசைப்படுகிறீர்கள், மச்சான் பார்த்து வைத்திருப்பது சுருதியில் கை படாத பழைய வாத்தியம். நீங்களும் என்னைப் போலத் தனியாக நிற்பீர்கள். 440க்கு முறையாக மாற்றியது கிடைத்தால், விலை கூடினாலும் அதை வாங்குங்கள். என்னுடையதைக் கொடுப்பீர்களா என்று நீங்கள் கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மாட்டேன், மெலிந்துபோன அந்த ஒரு ஸ்வரத்தோடும் மாட்டேன்.

அப்படியும் வாங்குவதானால், ஒவ்வொரு பட்டனையும் இழுத்தும் தள்ளியும் வாசித்து, பக்கத்தில் டியூனர் செயலி தெரிகிற மாதிரி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். பட்டன் எலும்பா தந்தமா என்று கேளுங்கள். எலும்பு என்றால் சரி, தந்தம் என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள், அதை இங்கே கொண்டுவர சட்டம் விடாது. எந்த விலைக்கு வாங்கினாலும் மழையில் வரவழைக்காதீர்கள். தை பிறந்த பிறகு வரட்டும், வந்ததும் உடனே பிரித்து வாசிக்காமல் சில நாள் பெட்டியோடு அறையிலேயே இருக்கட்டும்.