8 ஜிபியா, 12 ஜிபியா? 3டி, வீடியோ வேலைக்கு மலிவு கிராஃபிக்ஸ் கார்டுகள்

கிராஃபிக்ஸ் கார்டு விமர்சனங்களில் பெரும்பாலானவை கேம் ஆடுபவர்களுக்காக எழுதப்படுபவை. எந்த கேமில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்பது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் போடுபவருக்கோ வீடியோ எடிட் செய்பவருக்கோ எதற்கு? தினமும் திறக்கும் மென்பொருள் எந்த கார்டோடு ஒத்துப்போகிறது, புராஜெக்ட் அந்த கார்டின் மெமரிக்குள் அடங்குமா, இந்த இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும்.

முதலில் என்விடியாவின் இரண்டு கார்டுகள். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி மெமரி. 2023இல் வந்த 4060இல் 8 ஜிபிதான். வேகத்தில் புதியதுதான் முந்துகிறது, காட்சியை இறுதிப் படமாக்கும் பிளெண்டரின் ரெண்டர் இன்ஜினான சைக்கிள்ஸில் அது நன்றாகவே தெரியும். மின்சாரமும் குறைவு: 3060க்கு 170 வாட், 4060க்கு 115. ஏவி1 என்ற சுருக்க முறையில் உள்ள வீடியோவை 3060 ஓட்டிக்காட்டும், என்கோட் செய்யாது, அதாவது அந்த முறையில் சுருக்கிச் சேமிக்காது. 4060 இரண்டையும் செய்யும்.

இவ்வளவு இருந்தும் 3டி வேலைக்கு நான் 3060 பக்கம்தான். கணக்கு போட்டுப் பாருங்கள். 4கே அளவில் ஒரு வண்ண டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்), சுருக்காமல் ஏறும்போது, 64 எம்பி பிடிக்கும். அப்படி நூறு சேர்ந்தால் 6 ஜிபிக்கு மேல் போய்விடும். அதற்கு மேல் மாடல்களின் ஜியாமெட்ரி (வடிவத் தகவல்), ரெண்டரில் வரும் புள்ளிகளை நீக்கும் டீநாய்சர், திரையைக் காட்ட விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் பங்கு எல்லாம் இருக்கின்றன. இடம் தீர்ந்தால் சைக்கிள்ஸ் கணினியின் ராமைத் தொடும், வேகம் படுத்துவிடும். இல்லையென்றால் மெமரி போதவில்லை என்று ரெண்டரே நின்றுவிடும். அப்போது 4060இன் வேகம் யாருக்கு லாபம்? ஒரு எச்சரிக்கை: 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி மாடலும் உண்டு. அதில் மெமரி பஸ்ஸும் (மெமரிக்குத் தரவு போய்வரும் பாதை) 192 பிட்டிலிருந்து 128 ஆகிவிட்டது. பெட்டியில் 12 என்று பார்த்து வாங்குங்கள்.

வீடியோ ஆட்களுக்குக் கதையே வேறு. மிரர்லெஸ் கேமராக்கள் பல எச்.265 என்ற சுருக்க முறையில், வண்ண விவரம் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2ஆகப் பதிவு செய்கின்றன. அதை ஹார்ட்வேரில் டீகோட் செய்ய, அதாவது சுருக்கியதை விரித்துக் காட்ட, 3060ஆலும் முடியாது, 4060ஆலும் முடியாது. சுமை சிபியு தலையில் விழும், டைம்லைன் திக்கும். 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 அதைச் சுலபமாகச் செய்கிறது. 12 ஜிபி மெமரி, ஏவி1 என்கோடிங் வேறு. சைக்கிள்ஸும் இதில் ஓடும். ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரேயடியாக அணுக விடுவது) இல்லையென்றால் இந்த கார்டு மிகவும் தடுமாறும். பழைய கணினிக்காரர்கள் பயாஸில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. எடிட்டிங் மென்பொருளின் உங்கள் பதிப்பு இந்த டீகோடரைப் பயன்படுத்துமா என்றும் பார்த்துவிடுங்கள். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060உம் 4:2:2ஐ டீகோட் செய்கிறது, ஆனால் அதிலும் 8 ஜிபிதான்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 எக்ஸ்டியில் 16 ஜிபி என்ற எண் ஆசை காட்டும். விண்டோஸில் ஆக்டேன் என்ற ரெண்டர் மென்பொருளைப் பயன்படுத்துபவர் இந்த கார்டைத் தொட வேண்டாம், அங்கே ஆக்டேன் என்விடியாவில்தான் ஓடும். பிளெண்டர் மட்டும் போதும், காட்சிகளும் பெரியவை என்றால் யோசிக்கலாம். ரெண்டர் வேகம் 4060 அளவுக்கு வராது.

சரி, போட்டோஷாப்பில் படம் திருத்துவதும் போஸ்டர் செய்வதும்தான் வேலையா? கார்டை அப்படியே விட்டுவிட்டு ராமை 32 ஜிபி ஆக்குங்கள்.