காற்றடைத்த கயாக்கில் களப்பில் இரவு தங்க: நீண்ட பாவனையில் தெரிபவை

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் இருவர் அமரும் காற்றடைத்த பி.வி.சி. கயாக்கோடு இரவு தங்கப் போகிறவர்களுக்கு, அது கிழிந்துவிடுமோ என்பதுதான் முதற் பயம். கிழிவது அபூர்வம். கஷ்டம் தருவது வெய்யிலும் காற்றும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் பல இடத்தில் முழங்காலளவுதான் என்பதும்.

கயாக்கோடு கூடவரும் ஃபின் (நேராகப் போக அடியில் மாட்டும் தகடு) பெரும்பாலும் 20 செ.மீ. அளவில் இருக்கும். எங்கள் கரையோரத்தில் அதில் சாதாழை என்ற கடற்தாவரம் சுற்றி, போகப்போக வேகம் செத்துவிடும். தங்கூசி (நைலோன் இழை) வலைத்துண்டு மாட்டினால் அறுக்கத்தான் வேண்டும்; சின்னக் கத்தி ஒன்று உயிர்காப்பு அங்கியிலேயே இருக்கட்டும். ஃபினை முற்றாகக் கழற்றினால் பக்கக்காற்றில் முனை திரும்பிக்கொண்டே இருக்கும். 8 செ.மீ. குட்டை ஃபின் போதும். சிறகுவலைக் கம்புகளுக்கு இடையால் குறுக்கே போகாமல், கடைசிக் கம்பைச் சுற்றிப் போங்கள். கம்பில் ஒட்டிய சிப்பி பி.வி.சி.யைக் கீறும், வலைக்காரருக்கும் நட்டம்.

அடுத்தது அழுத்தம். பக்கக் குழாய்க்கு 1.5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) என்றிருந்தால், காலையில் 30 பாகையில் முழுதாக நிரப்பி மத்தியானம் மணலில் விட, உள்ளே சூடு 50 பாகைக்கு ஏறினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடிவிடும். ஒட்டு விடுவது இப்படித்தான், கல்லில் மோதி அல்ல. கரையேறியதும் வால்வைக் கொஞ்சம் திறந்து காற்றை விடுங்கள். திரும்ப இறக்கினால் தண்ணீர் பட்டுத் தொய்யும். ஐந்து நிமிடம் பொறுத்து நிரப்புங்கள்.

நல்ல காலம் பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. வாடை (வடகீழ்க் காற்று) தணிந்திருக்கும், சோழகம் (தென்மேல் காற்று) தொடங்கியிராது. சோழகக் காலத்தில் போகத்தான் வேண்டுமென்றால் விடிய வெளிக்கிட்டு 9 மணிக்குள் கரை சேருங்கள். மூட்டையோடு அமைதியான நீரில் மணிக்கு 4 கி.மீ. போகலாம், எதிர்காற்றில் அதில் பாதியும் கிடையாது. ஒரு வழிக்கு 6 கி.மீ.க்கு மேல் திட்டமிடவேண்டாம்.

தொண்டைமானாற்றுத் தடுப்பணைக்கு உட்பக்கக் களப்பு மாரி முடிந்த கையோடு அருமை. ஆடி ஆவணியில் பல இடம் வற்றிக் கிடக்கும். சுண்டிக்குளம் 2015 இலிருந்து தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்கள அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது, முதலையும் உண்டு. மற்ற இடங்களில் அருகிலுள்ள கடற்படை முகாமுக்கும் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் முன்னமே சொல்லிவிடுங்கள். இருட்டில் களப்பு நடுவே ரோச் வெளிச்சம் அசைந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

தீவுக் கிணறுகளை நம்பவேண்டாம், பல உவர். சமையலும் சேர்த்து ஆளுக்கு நாளுக்கு 5 லீற்றர். இருவருக்கு இரண்டு பகல், ஓர் இரவுக்கு 20 லீற்றர். நான்கு 5 லீற்றர் கான்களாக நடுவுக்குச் சற்றுப் பின்னே அடியில் கட்டுங்கள். ஒரே பெரிய கான் பாதி முடிந்ததும் தளும்பிப் படகைச் சாய்க்கும். சாப்பாட்டுக்குப் பாணும் இடிச்ச சம்பலும் போதும்.

வத்துப்பெருக்கு (கடல் நீர் வற்றுவதும் ஏறுவதும்) வித்தியாசம் அரை மீற்றர் அளவுதான். ஆனால் தரை அவ்வளவு சமதளம் என்பதால் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கும். பெருக்கில் கரையேறி வத்தில் புறப்பட்டால் சுரிக்குள்ளால் (சேற்றுக்குள்ளால்) இழுக்கவேண்டிவரும். மொத்த அடிச் சப்பாத்து கட்டாயம். காலைத் தூக்கி வைக்காமல் உரசி நடந்தால் திருக்கை விலகிப்போகும்.

கூடாரத்தைப் பனைக்குக் கீழே அடிக்கவேண்டாம். காவோலை விழும், காலத்தில் பழமும் விழும். மணலில் முளை நிற்காது. பனைமட்டையைக் குறுக்கே ஒரு முழ ஆழத்தில் புதைத்து அதில் கயிற்றைக் கட்டினால் அசையாது. மட்டையின் கருக்குக் கயாக்கில் படாமல் தூர வையுங்கள். தரையில் இழுக்கவும் கூடாது: நெருஞ்சிமுள் செய்யும் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, சவர்க்கார நுரை பூசினால்தான் குமிழி காட்டும்.

ஓட்டை அடைக்க, முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவிட்டு அசிற்றோனால் துடையுங்கள். ஓட்டையைவிட நாற்புறமும் 5 செ.மீ. கூடிய வட்டத் துண்டு வேண்டும், மூலையிருந்தால் கிளம்பும். பி.வி.சி. பசையை இரு பக்கமும் மெல்லியதாக இரண்டு தரம் பூசி, பிசுபிசுக்கும்போது அழுத்துங்கள். நிழலில் செய்யுங்கள்; உச்சி வெய்யிலில் ஒட்டமுன்பே பசை காய்ந்துவிடும். 12 மணித்தியாலம் காற்றடிக்கக்கூடாது. ஆகவே மாலையில் ஓட்டையானால் அன்றிரவு அங்கேதான். அதற்காக மேலே சொன்ன 20 லீற்றருக்கு மேலும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

வீடு வந்ததும் வால்வின் உள்வளையம் வரை நல்ல தண்ணீர் விட்டு மணலைப் போக்குங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடியுங்கள், ஒரே மடிப்பில்தான் பி.வி.சி. முதலில் வெடிக்கும். எலி வராத அறையாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.