துணி துவைக்கையில் கழலும் பிளாஸ்டிக் இழைகள்: எங்கே மறிப்பது?

பாலியெஸ்டர், அக்ரிலிக், நைலான் எல்லாமே பிளாஸ்டிக் நூல்தான். துவைக்கத் துவைக்க அவற்றிலிருந்து நுண்ணிழைகள் கழன்று தண்ணீரோடு போகின்றன. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தாலே 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என்று பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வு 2016-இல் கணக்கிட்டது.

இதையெல்லாம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளும் என்பது பலருடைய வாதம். அதில் பாதிதான் உண்மை. நன்றாக இயங்கும் நிலையம் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும், சரி. பிடிபட்டது எங்கே போகிறது? கசடுக்குள். அந்தக் கசடைப் பல நாடுகளில் வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். ஆற்றுக்குப் போகவிருந்த பிளாஸ்டிக் மண்ணில் சேர்கிறது. மண்புழுக்கள் அத்தகைய துகள்களை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையமே இல்லாத ஊர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது, வாஷிங் மெஷினுக்குள் துணியோடு போடும் பந்து. விலை குறைவு, எதையும் மாட்ட வேண்டியதில்லை. ஆனால் 2019-இல் சோதித்தபோது கோரா பால் என்ற பந்து 26 சதவீத இழைகளைத்தான் பிடித்தது. அதே சோதனையில், கழிவுநீர்க் குழாயில் பொருத்தும் லின்ட் லவ்-ஆர் ஃபில்டர் 87 சதவீதம் பிடித்தது. துணியைப் போட்டுத் துவைக்கும் வலைப்பைகள் இரண்டுக்கும் நடுவில் வருகின்றன.

என் ஓட்டு ஃபில்டருக்குத்தான். கனடாவின் பாரி சவுண்ட் என்ற சிற்றூரில் 97 வீடுகளில், அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு வீட்டில், ஃபில்டர் பொருத்திப் பார்த்தார்கள். ஊர் நிலையத்திலிருந்து சுத்திகரித்து வெளியேறும் நீரிலேயே நுண்ணிழைகள் சராசரியாக 41 சதவீதம் குறைந்தன. இத்தனை பலன் தரும் ஒன்றை வாங்குவதும் பொருத்துவதும் தனி ஆளின் தலையில் விழக்கூடாது. மெஷினோடு சேர்ந்தே வர வேண்டும். பிரான்ஸ் 2020-இலேயே அப்படிச் சட்டம் போட்டது.

பழக்கத்தை மாற்றினால் போதாதா? கொஞ்சம் உதவும். மென்மையான துணிக்கென்று இருக்கும் ‘டெலிகேட்’ சுழற்சி இழைகளையும் மென்மையாக நடத்தும் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறு: அதில் தண்ணீர் அதிகம் புரள்வதால் வழக்கமான சுழற்சியைவிட லட்சக்கணக்கான இழைகள் கூடுதலாகக் கழல்கின்றன. மெஷினை நிரப்பி, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் ஓட்டுவது மேல். ஆனாலும் கழலாமல் இருக்காது.

இவ்வளவு கவலை எதற்கு என்பவர்களுக்கு: நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. பாதிப்பேரிடம் இருந்தது பெட், பாலியெஸ்டர் நூல் நூற்கும் அதே பொருள்.

அப்புறம் ஒன்று. ஃபில்டரில் சாம்பல் நிறத்தில் ஈரப்பஞ்சு போல ஒட்டியிருக்கும் படலத்தைக் குழாயடியில் கழுவிவிட்டால் பிடித்தது அத்தனையும் வீண். விரலால் வழித்தெடுத்து, காயவிட்டு, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.