பேரல் அருமை, இழுவையில்தான் குறை: வீட்டு ஃபிலமென்ட் எக்ஸ்ட்ரூடர் கிட் பற்றி

3டி பிரிண்டருக்கு வேண்டிய ஃபிலமென்டை, அதாவது பிளாஸ்டிக் கம்பியை, வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு எக்ஸ்ட்ரூடர் கிட் வாங்கி, நானே பூட்டி, பல மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஹாப்பர் என்ற புனலில் போடும் பெல்லட்டை, அதாவது பிளாஸ்டிக் மணிகளை, பேரல் என்ற சூடான குழாய்க்குள் ஸ்க்ரூவால் தள்ளி உருக்கி, நாசில் என்ற முனைத் துளை வழியாகக் கம்பியாக வெளியேற்றுவதுதான் எக்ஸ்ட்ரூடர். காசு மிச்சம் பிடிக்கத்தான் இதை வாங்க நினைக்கிறீர்கள் என்றால் வேண்டாம். இங்கே மலேசியாவில், பிரிண்டர்களில் அதிகம் போடும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கின் ஒரு கிலோ சுருள் ஐம்பது, அறுபது வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. கிட்டுக்கு மட்டும் எனக்கு 1,800 வெள்ளி ஆனது. அதற்கு மேல் தடிமன் அளக்கும் காலிபர், உலர்த்தும் பெட்டி, வெளியே வரும் கம்பியைச் சீராக இழுக்கும் இழுவைக்கு மோட்டார், பெல்லட் என்று செலவு தனியாக ஓடும். வீணாகிப்போன பிரிண்டுகளைக் குப்பையில் போட மனம் வராதவர்களுக்கும், பிளாஸ்டிக் எப்படி உருகி எப்படி உருவம் பெறுகிறது என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கும்தான் இது. நான் இரண்டிலும் சேர்த்தி.

பிறை தொழிற்பேட்டையில், உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்திப் பொருள் செய்யும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பிரிவில் புரோசஸ் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். வீடு பட்டர்வொர்த்தில். அக்காள் மகன் படிக்கும் பள்ளியின் ரோபோட்டிக்ஸ் மன்றத்தில் ஒரு 3டி பிரிண்டர் இருக்கிறது. அதில் பாதியில் கெட்டுப்போன பிரிண்டுகளும், தாங்கு பகுதியாக அச்சாகிப் பின் உடைத்து எடுக்கப்படும் துண்டுகளும் பை பையாகச் சேர்கின்றன. தொழிற்சாலையில் இப்படிப்பட்ட மிச்சத்தை அரைத்துப் புது ரெசினோடு, அதாவது புதுப் பிளாஸ்டிக் மணிகளோடு, கலந்து திரும்ப ஓட்டுவது எங்களுக்கு அன்றாட வேலை. அதை வீட்டளவில் செய்ய முடியுமா என்று பார்க்கத்தான் வாங்கினேன்.

விற்பவர் பெயரை எழுதவில்லை. இதே அமைப்பை வேறு வேறு பெட்டியில் போட்டுப் பல பேர் விற்கிறார்கள். எந்தப் பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், யாரிடம் வாங்கினாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

இந்த வகை இயந்திரத்துக்கு நல்ல பூர்வீகம் உண்டு. 250 டாலருக்குள் பாகங்களை வாங்கி, பெல்லட்டிலிருந்து ஃபிலமென்ட் செய்யும் இயந்திரத்தை உருவாக்க முடியுமா என்று அமெரிக்காவில் ஒரு போட்டி வைத்தார்கள். 2013-இல் அதன் 40,000 டாலர் பரிசை வென்றவர் ஹியூ லைமன். அப்போது அவருக்கு வயது 83. தன் வடிவமைப்பை எல்லோரும் எடுத்துச் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். இன்று வரும் கிட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வருகிறது.

ஆரம்ப கால வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் மரம் துளைக்கும் ஆகர் பிட்டைத்தான் ஸ்க்ரூவாகப் போட்டார்கள். அது பிளாஸ்டிக்கை முன்னே தள்ளும், ஆனால் அழுத்தாது. முறையான எக்ஸ்ட்ரூடர் ஸ்க்ரூவில் பள்ளம் பின்பக்கம் ஆழமாகவும் முன்பக்கம் ஆழம் குறைந்தும் இருக்கும். மணிகள் முன்னே போகப் போக இடம் சுருங்கும். நடுவில் உள்ள காற்று பின்னால் ஹாப்பர் வழியாக வெளியேறிவிடும். அதனால்தான் குமிழி இல்லாத உருக்கு நாசிலுக்கு வந்து சேர்கிறது. என் கிட்டில் வந்தது இந்த மாதிரியான ஸ்க்ரூ. கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதே சந்தோஷமாக இருந்தது. கடைசல் வேலை சுத்தம், விளிம்பில் பிசிறு இல்லை, பேரலுக்குள் விட்டுச் சுற்றினால் எங்கேயும் உரசவில்லை. கொடுத்த காசுக்கு இது நிச்சயம் தகும்.

பூட்டுவது ஒரு வார இறுதி வேலை. ஆலன் கீ பிடித்துப் பழகியவர்களுக்குச் சிரமமே இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. முதலாவது, ஸ்க்ரூவுக்குப் பின்னால் வரும் திரஸ்ட் பேரிங். ஸ்க்ரூ பிளாஸ்டிக்கை எவ்வளவு பலமாக முன்னே தள்ளுகிறதோ, அதே பலத்தில் பிளாஸ்டிக் ஸ்க்ரூவைப் பின்னே தள்ளும். அந்தப் பாரம் முழுவதையும் இந்த பேரிங் தாங்க வேண்டும். அதைச் சரியாக உட்கார வைக்காவிட்டால் பாரம் கியர் பாக்ஸில் இறங்கி, சீக்கிரமே பல் தேய்ந்துவிடும். இரண்டாவது, மோட்டாரும் ஸ்க்ரூவும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பது. இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டை அரைகுறையாக முறுக்கிவிட்டு, கையால் ஒரு சுற்று முழுக்கச் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது இறுகினால் பிளேட்டுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்துச் சரிசெய்து, அப்புறம் முழுசாக இறுக்குங்கள். நாசில் மரையில் வெப்பம் தாங்கும் காப்பர் கிரீஸைக் கொஞ்சம் தடவுவது தொழிற்சாலைப் பழக்கம். கிட்டோடு அது வராது, ஹார்ட்வேர் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தடவாமல் விட்டால் பிறகு நாசிலைக் கழற்றும்போது அழ வேண்டியிருக்கும்.

மின்சார விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம். வந்த பவர் சப்ளையில் இரண்டு முள் பிளக். நம் ஊர் 240 வோல்ட்டுக்கு ஓடும் என்றாலும் எர்த் இணைப்பே இல்லை. மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரையும் இல்லை. இரும்புப் பேரலை 200 டிகிரிக்குச் சூடேற்றும் இயந்திரத்துக்கு எர்த் இல்லாமல் அனுப்புவது பொறுப்பில்லாத வேலை. நான் அதை ஒதுக்கிவிட்டு, முத்திரை உள்ள 24 வோல்ட் பவர் சப்ளையை மூன்று முள் பிளக்கோடு வாங்கிப் போட்டேன். பேரல் தாங்கியில் ஒரு துளை போட்டு எர்த் கம்பியையும் இறுக்கினேன். வயரிங் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இதைச் செய்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். வீட்டில் பிள்ளைகள் நடமாடுகிறார்கள்.

வெப்பக் கட்டுப்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளை ஹீட்டர் பட்டைக்கு மேலே ஒட்டாமல், பேரலில் துளை போட்டு உள்ளே இறக்கியிருக்கிறார்கள். அதனால் காட்டும் எண்ணை நம்பலாம். ஆனாலும் எண் வந்த உடனே மோட்டாரைப் போடக் கூடாது. முதல் தடவை அக்காள் மகன் பக்கத்தில் நின்று பறந்தான்.

“சித்தி, 180 காட்டுதே, மோட்டாரைப் போடட்டுமா?”

“இருடா. பேரல் சூடாயிடுச்சு, ஸ்க்ரூவுக்கு இன்னும் சூடு போகல. உள்ள இருக்கிறது கல்லாத்தான் இருக்கும்.”

கால் மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் உறைந்திருக்கும்போது சுற்றினால் கப்ளிங் உடையும். பெரிய இயந்திரங்களில் இதற்கென்றே தடுப்பு உண்டு. குறிப்பிட்ட வெப்பம் வரும்வரை ஸ்க்ரூ சுற்றவே விடாது. இந்தக் கிட்டில் அது இல்லை, நாம்தான் பொறுக்க வேண்டும்.

பின்பக்கச் சூடும் கவனிக்க வேண்டியது. பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். பேரலின் சூடு ஊர்ந்து ஹாப்பர் வாய்க்கு வந்தால், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம் கட்டிக்கொள்ளும். ஸ்க்ரூ சும்மா சுற்றும், நாசிலில் ஒன்றும் வராது. எங்கள் ஆலையில் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஓடும். இதில் அலுமினியத் துடுப்புகளும் ஒரு சின்ன விசிறியும். பினாங்கு மதிய வெயிலில் அது திணறுகிறது. நான் இரவு நேரத்தில் ஓட்டுகிறேன், பிரச்சினை இல்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிட்டின் விளம்பரம் முழுவதும் பேரலையும் ஸ்க்ரூவையும் பற்றித்தான். நாசிலிலிருந்து பிளாஸ்டிக் கம்பியாக வெளியே வந்துவிட்டால் ஃபிலமென்ட் ஆகிவிட்டது என்றே படிப்பவர் நினைப்பார். முறுக்கு பிழிவதற்கு வேண்டுமானால் அது போதும். ஃபிலமென்ட் என்றால் 1.75 மில்லிமீட்டர் விட்டம் முழு நீளத்துக்கும் மாறாமல் வர வேண்டும். ஏனென்றால் பிரிண்டர் கம்பியின் தடிமனை அளப்பதில்லை. 1.75 என்று நம்பி நீளக் கணக்கில் உள்ளே தள்ளுகிறது. கம்பி 1.65 ஆக மெலிந்தால் போகும் பிளாஸ்டிக் 11 சதவீதம் குறையும், 1.85 ஆகத் தடித்தால் 12 சதவீதம் கூடும். ஒரு பக்கம் அடுக்குகள் பிரியும், இன்னொரு பக்கம் வழிந்து பிதுங்கும். கடைச் சுருளில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தாலே மட்டமான சரக்கு என்போம்.

அந்த விட்டத்தை முடிவு செய்வது நாசில் துளை மட்டும் இல்லை. அழுத்தத்திலிருந்து விடுபட்டு வெளியே வரும் உருக்கு சற்று ஊதும். பிறகு அதை எவ்வளவு வேகமாக இழுக்கிறோம், எவ்வளவு சீக்கிரம் குளிர்விக்கிறோம் என்பதைப் பொறுத்து மெலியும். அதாவது வேலையில் பாதி நாசிலுக்கு வெளியில்தான் நடக்கிறது. அந்தப் பாதிக்குக் கிட்டில் கொடுத்திருப்பது ஒரு சின்ன விசிறி மட்டும். கம்பியை மேசையிலிருந்து தரைக்குத் தொங்கவிட்டால் தன் எடையாலேயே சரியான அளவுக்கு மெலிந்துவிடும் என்கிறது கையேடு. கம்பி குட்டையாகத் தொங்கும்போது இழுக்கும் எடை குறைவு, அதனால் தடிமன். தரையைத் தொட்டபின் தொங்கும் நீளம் ஒரே மாதிரி இருப்பதால் விட்டம் ஓரளவு நிலைக்கும். ஓரளவுதான். மேலே ஓடும் சீலிங் ஃபேனின் காற்று பட்டாலே கம்பி ஆடி, காலிபரில் எண் மாறுகிறது. இந்த ஊரில் யார் வீட்டில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார முடியும்?

தரையில் விழும் முறையில் எனக்கு வந்தது 1.66-லிருந்து 1.84 வரை. பள்ளிப் பிரிண்டரில் அதைப் போட்டுவிட மனம் ஒப்பவில்லை. இரண்டு ரப்பர் உருளைகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு கியர் மோட்டார் எல்லாம் புக்கிட் மெர்தாஜாமில் வாங்கி, ஒரு இழுவையை நானே செய்தேன். நாசிலுக்கும் உருளைக்கும் நடுவே ஒரு மீட்டர் நீளத்துக்கு அலுமினியப் பாதை, அதன் மேல் வரிசையாகச் சின்ன விசிறிகள். கம்பி இறுகிய பிறகுதான் உருளையைத் தொட வேண்டும். இளக்கமாக இருக்கும்போதே நெருக்கினால் குறுக்குவெட்டு முட்டை வடிவமாகிவிடும். அதனால் ஒரே இடத்தைக் காலிபரால் இரண்டு பக்கமாகத் திருப்பி அளக்க வேண்டும். இழுவை வந்தபின் பெரும்பாலும் 1.71-க்கும் 1.79-க்கும் நடுவே நிற்கிறது. அதே பேரல், அதே ஸ்க்ரூ, அதே நாசில்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. என்னுடையது மணிக்குச் சுமார் 150 கிராம் தருகிறது. ஒரு கிலோ பி.எல்.ஏ. என்பது 1.75 மில்லிமீட்டர் கம்பியில் ஏறத்தாழ 335 மீட்டர். அப்படியானால் ஆறு மணி நேரத்துக்கு மேல், நிமிடத்துக்கு 80 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நான் துணி மடித்துக்கொண்டே பார்த்துக்கொள்கிறேன்.

நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றிக் கையேட்டில் இரண்டே வரி. இங்கே அது தனி அத்தியாயம். ஈரமான பி.எல்.ஏ. உருகும்போது தண்ணீர் அதன் மூலக்கூறு சங்கிலிகளை வெட்டிவிடும். நாசிலில் பட் பட் என்று சத்தம், கம்பியில் குமிழி, ஆறியபின் விரலால் வளைத்தால் ஒடியும். ஆலையில் ஈரம் 250 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 250 பங்கு) கீழே வந்தால்தான் பி.எல்.ஏ.வை ஓட்டுவோம். வெள்ளையாக, ஒளி புகாமல் இருக்கும் புது பெல்லட்டை 80 டிகிரியில் நாலு மணி நேரம் காயவைக்கலாம். ஆனால் அரைத்த பிரிண்டுத் துண்டுகளை அதே சூட்டில் வைத்தால் இளகி ஒரே கட்டியாகிவிடும். அவற்றை 45, 50 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் இரவு முழுக்க வையுங்கள்.

அரைப்பதற்கும் கிட்டில் எதுவும் இல்லை. துண்டுகள் 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் ஸ்க்ரூ ஒழுங்காகக் கவ்வும். நீளக் குச்சிகள் ஹாப்பரில் சிக்கிக்கொள்ளும். அரைத்ததை மட்டும் தனியாக ஓட்டாமல், மூன்று பங்கு புது பெல்லட்டுக்கு ஒரு பங்கு அரைத்தது என்று கலக்கிறேன். ஹாப்பருக்குள் ஒரு காந்தத் துண்டு கட்டாயம். பிரிண்டு தட்டிலிருந்து சுரண்டும்போது உடைந்த பிளேடு முனை ஒன்று அதில் மாட்டியதைப் பார்த்தேன். அது பேரலுக்குள் போயிருந்தால் ஸ்க்ரூ காலி.

எது பி.எல்.ஏ., எது பி.ஈ.டி.ஜி. என்ற இன்னொரு பிரிண்டர் பிளாஸ்டிக் என்று பை மேல் எழுதி வைக்கச் சொல்லி மன்றத்துப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். தெரியாத பிளாஸ்டிக்கை இதில் போடவே கூடாது. பி.வி.சி. இந்தச் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். கியர் செய்யும் பிளாஸ்டிக்கான அசிட்டல் சிதைந்தால் ஃபார்மால்டிஹைடு. இரண்டும் ஒரே பேரலில் சேர்ந்தால் ஆலையிலேயே ஆளை வெளியேற்றும் அளவுக்கு ஆபத்து. தண்ணீர்க் குழாய்த் துண்டு, பழைய கியர் எதையும் “முயற்சி பண்ணிப் பார்ப்போமே” என்று போடாதீர்கள். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் வாசனை வீட்டுக்குள் வேண்டாம் என்று அதையும் நான் தொடுவதில்லை.

இப்போது பள்ளிக்குச் சாம்பல் நிறச் சுருள்கள் போய்க்கொண்டிருக்கின்றன. எல்லா வண்ணமும் கலந்தால் அந்த நிறம்தான் வரும். கொஞ்சம் கறுப்பு சேர்த்தால் பார்க்க லட்சணமாக இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போன தெரு நண்பர்களின் காவடியில் விளக்குப் பட்டைகளைப் பிடித்த கிளிப்புகள் எங்கள் ஃபிலமென்டில் அச்சானவை. எனக்கு அதில் பெருமை உண்டு.

வாங்கத் தீர்மானித்துவிட்டால், பணம் கட்டும் முன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: ஸ்க்ரூவின் முழு நீளம், திரஸ்ட் பேரிங் உட்காரும் இடம், பவர் சப்ளையின் லேபிள். ஸ்க்ரூவில் பள்ளத்தின் ஆழம் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். இழுவை சேர்த்துத் தருகிறவர் கிடைத்தால் நானூறு, ஐந்நூறு வெள்ளி கூடக் கொடுக்கலாம்.