தேயிலைப் பக்கெட்டில் யாருடைய முகம்?

இலங்கையின் மலையக நகரான அட்டனில் சொந்தப் பெயரில் தேயிலை பொதிசெய்து விற்பவருக்கு இரண்டு வழிகள்: கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படமெடுத்துப் போடலாம், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகத்தைப் போடலாம்.

இரண்டாவதில் செலவு குறைவு. ஒப்புதல் கேட்க ஆளே இல்லை. ஆனால் அந்த முகம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. இப்படி முகங்களை உருவாக்கும் ஸ்டைல்கேன் என்ற மென்பொருள், பிளிக்கர் தளத்தில் மக்கள் ஏற்றியிருந்த 70,000 முகப்படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. உயிரோடிருக்கும் ஒருவரின் சாயல் விழுந்துவிட்டால் வம்புதான். "எங்கள் தோட்டத்துத் தொழிலாளி" என்று அடியில் எழுதினாலோ அது பச்சைப் பொய். நுகர்வோரை ஏமாற்றுவதைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் குறுக்கே வரக்கூடும்.

போதாததற்கு, கணினி வரையும் கொழுந்துக்காரிக்குப் பட்டுச்சேலை, நகப்பூச்சு, கை நிறைய முற்றிய இலை! இடுப்பில் படங்கு (சுற்றிக் கட்டும் முரட்டுத் துணி) இல்லை, விரலில் கொழுந்துக் கறை இல்லை. மலையகத்தார் பார்த்தவுடனே சிரித்துவிடுவார்கள்.

உண்மைப் படத்துக்கு வேலை அதிகம். எந்தப் பொருளுக்கு, எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு பணம் என்று தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மறக்கக்கூடாது. தோட்டத்துரையின் அனுமதி போதாது, முகம் அவருடையதல்ல. கங்காணி பக்கத்தில் நிற்கும்போது சொல்லும் "சரிங்க" சம்மதமா என்ன? தனியாகக் கேளுங்கள்.

என் வாக்கு உண்மைப் படத்துக்கே. கையில் காசில்லையா, மலையும் கோப்பையும் போதும். செயற்கை முகம்தான் வேண்டுமென்றால், "கணினியில் உருவாக்கிய படம்" என்று முகத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.