உப்பேறிய தண்ணீரில் தக்காளி: ஜிப்பரெலிக் மாத்திரை எதுவரை கைகொடுக்கும்?

மலேசியாவின் பாகான் டத்தோ போன்ற கரையோரத் தோட்ட ஊர்களில் தென்னை தாங்குகிற தண்ணீரைத் தக்காளி தாங்காது. மழை நின்றால் கால்வாயில் கடல்நீர் ஏறும். இலை ஓரம் கருகி, செடி முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடும். அப்படி நின்றுபோன செடிக்கென வாங்கப்படுவது ஜிப்பரெலிக் அமில மாத்திரை. செடியை வளரச் செய்யும் ஜிப்பரெலின் என்ற ஹார்மோன்தான் இதில் இருப்பது. எடை 5 கிராம்; 20 விழுக்காடு மூலப்பொருள், அதாவது 1 கிராம். நல்ல பொருள்தான், ஆனால் தண்ணீரை அளக்காமல் வாங்கினால் காசு வீண்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் இசி மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மண்ணில் நட்ட தக்காளிக்கு 1.7 மில்லிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாது. 2.3 என்றால் பத்தில் ஒரு பங்கு போகும், 3.4 என்றால் கால் பங்கு, 5 என்றால் பாதி. மாத்திரைக்கு வேலை இருப்பது 2-க்கும் 3.5-க்கும் நடுவில்தான். அதற்கு மேல் அதை நம்பி இறங்க வேண்டாம்.

காரணம் இதுதான். உப்பில் வேர் தண்ணீர் இழுக்கத் திணறும்போது செடி தன் ஜிப்பரெலினைக் குறைத்துக்கொள்கிறது, இலை சிறுக்கிறது. வெளியிலிருந்து தெளித்தால் இலை விரியும், தண்டு நீளும். வேரடியில் இருக்கும் உப்பு மட்டும் அப்படியே கிடக்கும். அதை இறக்க, வழக்கமாகப் பாய்ச்சுவதைவிட 15 முதல் 20 விழுக்காடு கூடுதல் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவ வேண்டும். வடிகால் அடைத்திருந்தால் அதுவும் பலிக்காது.

கலப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 20 லிட்டருக்கு ஒரு மாத்திரை போட்டால் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு. முதுகில் மாட்டும் பம்போ 16 லிட்டர். முழு மாத்திரையையும் அதில் போட்டால் 62-ஐத் தாண்டும். ஆகவே முதலில் 20 லிட்டர் வாளியில் கரைத்து, பிறகு பம்பில் ஊற்றுங்கள். கரைக்க மழைநீரோ குழாய்த் தண்ணீரோ போதும், கால்வாய் நீர் கூடாது. நல்ல மாத்திரை நுரைத்துக்கொண்டே கரையும். உறை பிரிந்து ஈரம் பட்டது மெத்தென்றிருக்கும், நுரைக்காது. அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கலந்ததை அன்றே தெளித்து முடிக்க வேண்டும். சுண்ணாம்பு கலந்த மருந்தோடு சேர்க்கவே கூடாது.

நாற்று நட்டு 15 நாள் கழித்து, மாலை வெயில் தணிந்ததும், இலை நனையும் அளவுக்கு, சொட்டாமல் தெளிக்கவும். நன்றாக வளரட்டும் என்று அளவை இரட்டிப்பாக்கினால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, குச்சி கட்டினாலும் சாயும். நம் தாழ்நிலச் சூட்டில் செடி ஏற்கெனவே நெடுநெடுவென்றுதான் போகும். பூத்த பிறகு தெளித்தால் உள்ளே வெற்றிடமுள்ள காய் வரலாம்.

காயின் அடி கறுத்தால் அதற்கு இந்த மாத்திரை மருந்தில்லை. உப்பு மிகுந்தால் காய்க்குப் போகும் கால்சியம் குறையும். லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட்டைத் தனியாகத் தெளிக்கலாம்.

உண்மையில் மாத்திரையைவிட மழைநீர்த் தொட்டிதான் மேல். 3.4 உள்ள கால்வாய் நீரோடு சம அளவு மழைநீர் சேர்த்தாலே 1.7-க்கு இறங்கிவிடும். தொட்டிக்கு இடமில்லாதவர்கள், மழை வரும்வரை செடியைத் தள்ளிக்கொண்டு போக நினைப்பவர்கள் மாத்திரையை வாங்கலாம். ஒரு வரிசையை மட்டும் தெளிக்காமல் விட்டு, இரண்டு வாரம் கழித்துப் புது இலைகளை அருகருகே வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் அடுத்த மாத்திரை வாங்க வேண்டாம்.